சீட்டுக்கடியில் ஒரு மஞ்சள் முடிச்சு

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். அந்த ஞாயிறு மாலை எங்கள் வீட்டு வாசலில் மூன்று பேர் இருந்தோம். நான் பிளாஸ்டிக் நாற்காலியில். எதிரே கோணிப்பையின் மேல் மெக்கானிக் ஜமீல் அகமது. படிக்கட்டில் என் மகள் ஷாலினி, கையில் டார்ச்சோடு. நடுவே சைக்கிள், தலைகீழாக.

அறுபது வருடத்துப் பழைய வண்டி. தரகர் மூலம் வாங்கியது. மட்கார்டில் 'தேசப்பன், அம்மையார்குப்பம்' என்று பெயின்டில் எழுதியிருந்தது. திங்கள் முதல் ஷாலினி அதில்தான் பள்ளிக்குப் போக வேண்டும். ஆனால் மூன்று நாளாக, மாலை 6.40 ஆனால் அதிலிருந்து ஒரு சத்தம். யாரும் தொடாமலே.

ஜமீல் செயினைக் கழற்றினார். பிறகு பெடல். பிறகு இரண்டு சக்கரமும். இனியும் சத்தம் வந்தால் பெயரை மாற்றிக்கொள்வதாகச் சொன்னார்.

6.40.

டக்... டக்... டக்...

"புதுப் பேரு என்னா, ஜமீல் அண்ணே?" என்றாள் ஷாலினி.

எதையும் எண்ணிப் பார்ப்பது என் வழக்கம். இருநூற்றுப் பதினொன்று. நின்றது.

சத்தம் வந்த இடத்தை ஜமீல் தடவிப் பார்த்தார். சீட்டுக்கடியில், காசு வைத்து முடிந்த மஞ்சள் துணி. சட்டென்று கையை எடுத்துக்கொண்டார்.

"சாமிக்கு நேர்ந்துகினு முடிஞ்சது சார் இது. நான் தொட மாட்டேன்."

நான் நம்பவில்லை; ஸ்பிரிங் ஆடாமலிருக்கக் கட்டிய துணிதான் என்று நினைத்தேன். பிளேடால் அறுத்தேன். காசு உருண்டுபோய் ஷாலினியின் காலில் முட்டி நின்றது.

திங்கள். சைக்கிளில் சத்தமே இல்லை.

மாலை 6.40. ஷாலினி உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாள்.

டக்...

அவள் முழங்காலிலிருந்து.

"படி ஏறின மாதிரி வலிக்குதுப்பா."

எண்ணினேன். இருநூற்றுப் பன்னிரண்டு. நேற்றைவிட ஒன்று கூடுதல்.

எலும்பில் ஒன்றுமில்லை என்றார் டாக்டர். அன்றே மட்கார்டு முகவரிக்கு, அந்த முடிச்சைப் பற்றிக் கேட்டுக் கடிதம் எழுதிப் போட்டேன்.

செவ்வாய், இருநூற்றுப் பதின்மூன்று. புதன், பதினான்கு. வியாழன், பதினைந்து...

வெள்ளி காலை அவளால் எழுந்து நிற்க முடியவில்லை.

பகல் 12.15. பதில் வந்தது. தேசப்பனின் மனைவி கெங்கம்மாள் யாரையோ வைத்து எழுதியிருந்தார். நடக்காத மகள் நடந்தால், சைக்கிளைத் தோளில் சுமந்து திருத்தணி மலையின் 365 படியும் ஏறுவதாகத் தேசப்பன் நேர்ந்துகொண்டாராம். மகள் நடந்தாள். அவர் ஏறினார். இருநூற்றுப் பதினோராவது படியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. மாலை 6.40.

'அன்னிக்கே எம்பொண்ணு மறுபடி படுத்துட்டா. அந்த முடிச்ச மட்டும் அவுத்துடாதீங்க.'

பதில் எழுதினேன். 'அறுத்துவிட்டேன், அம்மா. மீதிப் படிகளை நான் ஏறுகிறேன்.'

உறையை ஒட்டினேன்.

மலையடிவாரத் தபால் பெட்டியில் அதைப் போட்டபோது மணி 6.05. சைக்கிள் என் தோளில் இருந்தது.

சீட்டில் ஓர் ஆள் உட்கார்ந்திருக்கும் கனத்தோடு...