அவருடைய எண் இருக்கும் வீடு: மெட்டுகுடாவுக்கு ஒரு பயணம்

இறந்துபோன என் கணவர் ஆன்லைனில் இருந்தார். போன டிசம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், ஆபீஸ் கேன்டீனில் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு வாட்ஸ்அப்பைத் தள்ளிக்கொண்டிருந்தபோது பார்த்தேன். முரளி என்ற பெயருக்குக் கீழே 'ஆன்லைன்' என்று இருந்தது. அவர் போய் அப்போது பதினான்கு மாதம். அவருடைய படம் இருந்த இடத்தில் ஒரு மஞ்சள் செம்பருத்தி. சுமார் ஒரு நிமிடம் இருந்துவிட்டு அந்தச் சொல் மறைந்தது. டப்பாவை மூடிவிட்டேன், அன்றைக்குச் சாப்பிடவில்லை.

இந்தப் பயணம் அதிலிருந்து ஆரம்பித்தது. சார்மினார், பிரியாணி எல்லாம் இதில் இல்லை, அதற்கு வேறு பதிவுகள் கொட்டிக் கிடக்கின்றன. கைவிட்டுப் போன ஒரு மொபைல் எண்ணைத் தேடி வெளியூர் போக வேண்டி வருகிறவர்களுக்காக எழுதுகிறேன். அப்படி யார் இருக்கப் போகிறார்கள் என்று சிரிக்காதீர்கள். நானும் சிரித்திருப்பேன்.

முரளி ஒன்பது வருடம் ஹைதராபாத் பாலாநகரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தார். மாதம் ஒருமுறை கோவை வருவார். எண் ஹைதராபாத் எண். ஒரு காலத்தில் 'ஆயுள்கால இன்கமிங்' என்று சிம் கார்டு விற்றார்களே, அந்தக் காலத்து எண். ரீசார்ஜ் போடாவிட்டாலும் அது உயிரோடு இருக்கும் என்றே நான் நம்பிக்கொண்டிருந்தேன். நடுவில் டேட்டா மலிந்தது, பேச்சு இலவசமானது, பழைய திட்டங்களைச் சத்தமில்லாமல் மூடினார்கள். காசு போடாத எண்ணைச் சில மாதம் ஆறப்போட்டு, அதே ஊரில் இன்னொருவருக்குக் கொடுத்துவிடுகிறார்கள். நான் ஒரு பம்ப் கம்பெனியில் கொள்முதல் பிரிவில் இருக்கிறேன். சும்மா கிடக்கும் சரக்கை யாரும் வைத்திருக்க மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் கோபம் வந்தது.

இதைவிடப் பெரிய தப்பு ஒன்றை நானே செய்திருந்தேன். எங்கள் மகள் தாரிணிக்குப் பதின்மூன்று வயது. ஆன்லைன் வகுப்புக்கு அவளுக்குப் புது 5ஜி போன் வாங்கப் போன இடத்தில், பழையதைக் கொடுத்தால் 3,200 ரூபாய் குறையும் என்றார்கள். தள்ளுபடி என்றால் எனக்குக் கண் தெரியாது. முரளியின் போனைக் கொடுத்துவிட்டேன். "எல்லாம் கிளவுட்ல இருக்குங்க மேடம்" என்று சொல்லிக் கடைக்காரர் என் கண்முன்னாலேயே எல்லாவற்றையும் அழித்தார். நானும் தலையாட்டினேன். வீட்டுக்கு வந்து சொன்னதும் தாரிணி கேட்டது ஒன்றுதான்: "அப்பா குரல்?"

வீடியோ எடுப்பவர் எப்போதும் முரளிதான். படத்தில் நாங்கள் இருப்போம், அவர் குரல் மட்டும் பின்னாலிருந்து வரும். பேச்சு இலவசமான பிறகு மணிக்கணக்கில் போனில் பேசினோம், ஆனால் அதில் ஒரு வரியும் எங்களிடம் மிஞ்சவில்லை. கிளவுட் கணக்கைத் திறக்கப் போனால், ஓடிபி அவருடைய எண்ணுக்குத்தான் போகும் என்றது. அன்றிலிருந்து தாரிணி என்னிடம் 'ம்', 'சரி', 'வேண்டாம்' இந்த மூன்றுக்கு மேல் பேசுவதில்லை.

செம்பருத்திப் பூவைப் பார்த்த மறுநாள் துணிந்து அந்த எண்ணை அழைத்தேன். முரளி என்ற பெயர் திரையில் மினுங்க, ஒரு பெண் எடுத்தார். இந்தியில் ஆரம்பித்து, நான் தடுமாறியதும் தமிழுக்கு வந்தார். பெயர் ஃப்ளோரா. செகந்திராபாத்திலேயே மூன்று தலைமுறையாக இருக்கும் ரயில்வே குடும்பம். விஷயத்தைச் சொல்லி ஓடிபி கேட்டேன்.

"நக்கோ, வேணாம் மேடம். ஓடிபி போன்ல சொல்லக்கூடாதுன்னு டெய்லி மெசேஜ் வருது. நீங்க யாருன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றவர், கொஞ்சம் நிறுத்தி, "நேர்ல வாங்க. எனக்கும் உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்" என்றார். என்னவென்று கேட்டேன். "நேர்ல" என்று மட்டும் சொன்னார்.

ஜனவரி இரண்டாம் வாரம், வியாழன் மாலை 4.40க்குக் கோவையில் ரயில் ஏறினேன். மூன்றாம் ஏசி, 1,480 ரூபாய், ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர். தாரிணியை என் தங்கை வீட்டில் விட்டு, ஆபீஸ் வேலையாகச் சென்னை போவதாகச் சொன்னேன். கிடைக்காமல் போனால் அவள் இன்னொரு முறை இழக்க வேண்டாம் என்றுதான் அந்தப் பொய். காலையில் தெலங்கானாவுக்குள் நுழைந்ததும் போன் தானாக அந்த ஊர் வலைப்பின்னலுக்கு மாறிக்கொண்டது. வழியெல்லாம் பருத்திக் காட்டுக்கு நடுவே செல்போன் கோபுரங்கள். வீடே இல்லாத இடத்திலும் ஒன்று நின்றது. யாருக்காக என்று யோசித்துக்கொண்டே வந்தேன். வண்டி 25 நிமிடத் தாமதம், செகந்திராபாத்தில் இறங்கும்போது மணி ஒன்று.

ஃப்ளோரா ஒரு பள்ளி அலுவலகத்தில் வேலை பார்க்கிறார், மாலை ஐந்தரைக்குத்தான் வரச் சொல்லியிருந்தார். அதுவரை எங்கே உட்காருவது? மெட்ரோவில் ஏறி அமீர்பேட்டையில் மாறி பாலாநகர் போனேன். 51 ரூபாய், காத்திருப்பு உட்பட 50 நிமிடம். முரளி இருந்த கட்டடத்துக்கு ஒரே ஒருமுறை, நான்கு வருடத்துக்கு முன்னால் வந்திருக்கிறேன். எதிர்ப்பக்க டீக்கடையில் நின்று இரண்டாம் மாடி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். யாருடையதோ சட்டைகள் காய்ந்துகொண்டிருந்தன. சுற்றிலும் லேத் பட்டறைச் சத்தம்.

கையில் போன் லேசாக அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தால் 'முரளி கோவை' இணைக்கப்பட்டது என்று இருந்தது. அவர் அறையில் சிம் போட்டு வைத்திருந்த வைஃபை பெட்டியின் பெயர் அது. கடவுச்சொல், மகள் பெயரும் அவள் பிறந்த வருடமும். என் போன் அதை மறக்கவில்லை, அந்தப் பெட்டியும் என்னை மறக்கவில்லை.

காவலாளி கேட்டுக்கு வந்தார். "கிஸ்கோ தேக்ரே அம்மா?" யாரைப் பார்க்கிறேன் என்றுதான் கேட்டார். அரைகுறை இந்தியில் இரண்டாம் மாடி வைஃபை யாருடையது என்று கேட்டேன். முன்னால் இருந்த தமிழ் சாரின் பெட்டி, புதுப் பையன்கள் பணம் போட்டு ஓட்டுகிறார்கள், நன்றாக எடுக்கிறது, எதற்கு மாற்ற வேண்டும் என்றார். சார் எப்படி இருக்கிறார் என்றும் விசாரித்தார். நன்றாக இருக்கிறார் என்று சொல்லிவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை. தெருமுனை திரும்பும்வரை அந்த இணைப்பு அறுபடவில்லை.

மெட்டுகுடா நிலையத்தில் இறங்கும்போது 5.25. பாலாநகரிலிருந்து 56 ரூபாய். ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் சந்துக்குள் ஆறு நிமிட நடை, ஆட்டோ தேவையில்லை. வாசல் தொட்டியில் மஞ்சள் செம்பருத்தி பூத்திருந்தது.

"ஹவ், ஹவ், உள்ள வாங்க" என்று அந்த ஊர் 'ஆமா'வோடு கதவைத் திறந்தார் ஃப்ளோரா. ஐம்பது வயதிருக்கும். தனியாக இருக்கிறார். நான் கொண்டுபோன இறப்புச் சான்றிதழையும் கல்யாண போட்டோவையும் கண்ணாடி போட்டு வரிவரியாகப் பார்த்தார். பிறகுதான் காபி வந்தது.

"உங்க ஹஸ்பண்ட் எனக்கு நல்லாத் தெரியும் மேடம்" என்றார். நான் நிமிர்ந்தேன். "மெசேஜ் எல்லாம் எனக்குத்தானே வருது. அவர் பிறந்தநாள், கண்ணாடிக் கடை, பல் செக்கப். பஸ் கம்பெனிக்காரன் கைக்கு, அதான் ஏன், நீங்க ஊருக்குப் போறதில்லன்னு கேக்கறான். முதல்ல எரிச்சலா இருந்துச்சு. அப்புறம் பழகிப்போச்சு."

ஓடிபி கேட்டேன். அவர் போனுக்கு வந்தது, அவரே உரக்க வாசித்தார், என் போனில் ஆறு எண்களையும் போட்டேன். கணக்கு திறந்தது. ஆறாயிரம் படங்கள். நான், தாரிணி, மின்கட்டண ரசீது, வாசலில் யாரோ விட்டுப்போன செருப்பு. மேலிருந்து கீழ்வரை இரண்டு தடவை தள்ளிப் பார்த்தேன். ஒரு வீடியோ கூட இல்லை. செட்டிங்ஸைத் திறந்து பார்த்தால், இலவச இடம் நிறைந்துவிடும் என்று வீடியோக்கள் ஏறாமல் அவரே நிறுத்தி வைத்திருந்தார். மாதம் நூறு ரூபாய் சொச்சத்தை மிச்சம் பிடித்திருக்கிறார். சிக்கனத்தில் எனக்குச் சரியான ஜோடி. அந்த வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

ஃப்ளோரா தேற்றவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "உங்க வீட்ல சின்னப் பிள்ளை இருக்கா?" என்று கேட்டார்.

"ஒரு பொண்ணு இருக்குங்க. ஏனுங்க?"

"தினம் சாயந்திரம் ஆறரைக்கு இதுல ஒரு கால் வருது. பேசாது. ஹலோ ஹலோன்னு கத்துவேன், மூச்சு மட்டும் கேக்கும். பேய்னுகூட பயந்தேன் மேடம், பொய் இல்ல. பிளாக் பண்ணலாம்னு இருந்தேன். ஒருநாள் மூக்க உறிஞ்சற சத்தம் கேட்டுச்சு. குழந்தைன்னு தெரிஞ்சுது. அதுலருந்து கட் பண்றதில்ல. எடுத்து இங்க வெச்சுட்டு என் வேலைய பாப்பேன். பத்து நிமிஷம் இருக்கும், அதுவே வெச்சிரும்."

பாலாநகரில் ஷிப்ட் முடிந்து முரளி வீட்டுக்குப் பேசும் நேரம் ஆறரை. நான் வேலையிலிருந்து வீடு சேர ஏழாகும். ஃப்ளோரா காட்டிய அழைப்புப் பட்டியலில் இருந்தது தாரிணியின் எண். வரிசையாக, கீழே கீழே, ஒரே எண்.

6.31க்கு அது அடித்தது. எடுக்கவும் முடியாமல் விடவும் முடியாமல் நான் கையை நீட்டினேன். ஃப்ளோரா தலையசைத்துத் தடுத்து, எடுத்து, ஸ்பீக்கரைப் போட்டு மேசையில் வைத்தார். பிறகு எழுந்து போய் பீன்ஸ் நறுக்கினார். குழாயைத் திறந்தார், மூடினார். ஒரு வீட்டில் யாரோ இருக்கிறார்கள் என்ற சத்தம் மட்டும் அங்கே போய்க்கொண்டிருந்தது. இந்தப் பக்கம் வந்தது என் மகளின் மூச்சு. இத்தனை வருடத்தில் அதை நான் இவ்வளவு உன்னிப்பாகக் கேட்டதில்லை. புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நான்கு நிமிடம் ஆகியிருக்கும்.

"அப்பா" என்றாள். ஃப்ளோராவின் கத்தி நின்றது. "அம்மா ஊர்ல இல்ல. சென்னைக்குப் போயிருக்கு. உங்க போனத் தெரியாமக் குடுத்திருச்சுப்பா. அம்மாவத் திட்டாதீங்க."

வைத்துவிட்டாள். "இன்னிக்குத்தான் பேசுது" என்றார் ஃப்ளோரா மெதுவாக. வெளியே இருட்டியிருந்தது.

இனி உங்களுக்கான தகவல்கள். ஸ்டேஷன் பக்கம் லாட்ஜ் 1,100 ரூபாய், சுத்தம் சுமார்தான். கோவை வண்டி மறுநாள் மதியம் கிளம்புகிறது, அதனால் ஒரு ராத்திரி தங்கியே ஆக வேண்டும். மொத்தச் செலவு 5,000 ரூபாய்க்குள் முடிந்தது. வீட்டில் யாராவது தவறினால் முதல் வேலையாக அந்த எண்ணை உங்கள் பெயருக்கு மாற்றுங்கள், அதுவரை மறக்காமல் ரீசார்ஜ் செய்யுங்கள். பழைய போனை எக்ஸ்சேஞ்சுக்குக் கொடுக்குமுன் வீடியோக்களை நீங்களே பிரதி எடுங்கள், கிளவுட்டில் இருக்கிறது என்று யார் சொன்னாலும் திறந்து பார்க்காமல் நம்பாதீர்கள். எண் கைமாறிவிட்டால் இப்போது வைத்திருப்பவரிடம் சண்டைக்குப் போகாதீர்கள், அவர் காசு கொடுத்து வாங்கியது அது. ஓடிபி சொல்ல மறுத்தால் அவர் செய்வதுதான் சரி, சான்றிதழோடு நேரில் போங்கள். எல்லா இடத்திலும் ஒரு ஃப்ளோரா இருப்பார் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது.

ஊர் திரும்பிய அன்று தாரிணி பையை வாங்கிக்கொண்டு, "வேலை முடிஞ்சுதாம்மா?" என்று கேட்டாள். பாதிதான் முடிந்தது என்றேன். ஆறரைக்குப் போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். நான் உள்ளே தேங்காயைப் போட்டு மிக்ஸியை ஓட விட்டேன். அம்மாவுக்குக் கேட்டுவிடும் என்று அவள் பயப்பட வேண்டாம் அல்லவா.