நட்டதை மிதிக்கும் படம்

மானாம்பதிக் களத்துமேட்டில் நான் நிகழ்த்தவிருந்த கலைக்காட்சிக்கு இரண்டே நாள்கள் இருந்தன. செயற்கை நுண்ணறிவு உருவாக்கிய நடவுப் பெண்கள் திரையில் அசைவார்கள். அவ்வசைவுகளை நான் என் உடலால் அப்படியே பின்பற்ற வேண்டும். ஒரு மாதம் பயின்றிருந்தேன்.

ஒத்திகையைப் பார்க்க நின்ற நடவுக்காரப் பெண்ணொருத்தி வாய்விட்டுச் சிரித்தாள்.

“இன்னாம்மா, நட்ட நாத்தையே மெறிச்சிக்கினு முன்னால போற? பின்னால நவுந்துதான நடுவாங்க!”

“படத்துல அப்டித்தான வருது” என்றேன்.

“அந்தப் படத்த சேத்துல எறக்கி வுடு, தெரியும்.”

திரையை மீண்டும் பார்த்தேன். அவள் சொன்னது உண்மை. ஒரு மாதமாக நான் பிழையைத்தான் மனப்பாடம் செய்திருந்தேன். படத்தை மாற்றுவதில்லை, என் உடலை மாற்றிக்கொள்வது என்று முடிவு செய்தேன். அன்று பிற்பகலே அவளுடைய வரிசையில் சேற்றில் இறங்கினேன். மறுநாள் இடுப்பு நிமிர மறுத்தது, ஆயினும் இறங்கினேன்.

நிகழ்ச்சியன்று ஊர் நடவுப் பெண்கள் அனைவரும் வந்திருந்தனர். திரையில் பெண்கள் முன்னோக்கி வர, நான் குனிந்தபடி பின்னோக்கி நகர்ந்தேன். நடுவில் பழைய பயிற்சி காலை இழுத்தது. ஓரடி முன்னே வைத்துவிட்டேன்.

“ஏய், பின்னால!” என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல் அதட்டியது.

காலைப் பின்னுக்கு இழுத்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன்.