ஹார்ன் சத்தத்துக்கு நின்ற கால்கள்

மலாயாவில், ஈப்போ நகராட்சி ஆபீசில் நான் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, வேலைக்குச் சேர்ந்த புதிது. மார்க்கெட் பக்கத்து நாற்சந்தியில் ஆட்கள் அடிபடுவதாகப் புகார் வந்திருந்தது. நடந்து போகிறவர்கள் அந்தச் சாலையை எப்படித்தான் கடக்கிறார்கள், பார்த்து எழுதிக்கொண்டு வா என்று பெரிய கிராணி என்னை அனுப்பினார். கோப்பிக்கடை வாசலில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன்.

முதல் நாளே தலை சுற்றியது. நாலாபுறமும் மோட்டார், மாட்டு வண்டி, ரிக்‌ஷா. கைகாட்ட ஒரு போலீஸ்காரன் கிடையாது. காய்கறிக்காரச் சீனப் பெண்களாவது கூடையோடு ஒரே ஓட்டமாக ஓடிவிடுவார்கள். ரப்பர் தோட்டங்களிலிருந்து வரும் நம் தமிழ் ஆட்கள்தான் மோசம். ஹார்ன் அடித்தால் நட்டநடுச் சாலையில் கம்பம் மாதிரி நின்றுவிடுவார்கள். எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. 'இவர்களுக்குச் சாலை கடக்கத் தெரியவில்லை' என்று எழுதி வைத்தேன். நானும் செமோர் பக்கத்துத் தோட்டத்தில், கூலிக்காரர் லயத்து வீட்டில் பிறந்தவன்தான். கால்சட்டையும் தொப்பியும் போட்டதும் அதெல்லாம் மறந்துவிட்டது.

மூன்றாம் நாள் காலை எதிர்ச்சாரியில் என் அக்கா நின்றாள். தோட்டத்திலிருந்து என்னைப் பார்க்க வந்தவள், ஆபீசில் விசாரித்துக்கொண்டு வந்திருக்கிறாள். இடுப்பில் கைக்குழந்தை. என்னைக் கண்டதும் சிரித்துக்கொண்டே சாலையில் இறங்கினாள். பாதி தூரம் வந்தபோது ஹார்ன் அலறியது.

அக்கா நின்றாள். தலைத்துணியை இழுத்து எடுத்தாள். தலையைக் குனிந்துகொண்டாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தோட்டத்தில் வெள்ளைக்காரத் துரையின் கார் ஹார்ன் கேட்டால் யாரும் ஓர் அடி எடுத்து வைக்கக் கூடாது. தலைத்துணியை எடுத்துவிட்டு, கார் போகும்வரை நின்ற இடத்தில் நிற்க வேண்டும். அங்கே எல்லாரும் ஓரமாகவே நடப்பதால் ஒன்றும் ஆகாது. இரண்டு நாளாக நான் இளக்காரமாக எழுதி வைத்தது இந்த மரியாதையைத்தான், முட்டாள் பயல்! இங்கே கார் நேரே அவளை நோக்கி வந்துகொண்டிருந்தது.

"அக்கா! ஓடு!"

ஸ்டூலைத் தள்ளிவிட்டுப் பாய்ந்தேன். மறுபடியும் ஹார்ன். என் கால்கள் நின்றுவிட்டன. சத்தியமாகச் சொல்கிறேன், நான் நிறுத்தவில்லை. கை தானாகப் போய்த் தொப்பியைக் கழற்றியது.

ஒரு சீன ரிக்‌ஷாக்காரர் வண்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்து அக்காவை இடித்துத் தள்ளினார். குழந்தை வீறிட்டது. கார் அவள் சேலையை உரசிக்கொண்டு போய்க் கொஞ்சம் தள்ளி நின்றது.

"சாவுறதுன்னா வேற எடம் பாருலா!" என்று டிரைவர் எட்டிப் பார்த்துக் கத்தினான்.

அக்கா குழந்தையை மார்போடு இறுக்கிக்கொண்டு காரின் பின் சீட்டையே பார்த்தாள். அதில் யாரும் இல்லை.

"தம்பி, உள்ள தொரையே இல்லியேடா," என்றாள். "வெறும் காருக்கா நாம நின்னோம்?"

என் கையில் இன்னும் தொப்பி இருந்தது.