மஞ்சள் தண்ணீரும் அந்தோனியின் பெயரும்

ஐயா, அம்மா, வாசிப்பவர் எவராயினும் வணக்கம். அந்தக் கணனியைப் பழுதாக்கியவன் நான். பழியை அந்தோனியின் தலையில் ஏற்றியவனும் நானே!

என் மகள் சாரதா படிப்பதற்கென, லண்டனிலிருந்து என் தங்கை மகன் வசந்தன் அனுப்பியது அது. அக்காலத்து வழக்கப்படி தொலைக்காட்சிப் பெட்டியோடு பொருத்தி இயக்க வேண்டும். சரஸ்வதி பூசையான வாணி விழாவன்று அதையும் புத்தகங்களோடு கும்பத்தின் முன் வைத்தேன், சந்தனப் பொட்டிட்டேன், மாவிலையால் மஞ்சள் தண்ணீரைத் தாராளமாகவே தெளித்தேன்... கல்விக்குரிய பொருளன்றோ!

மறுநாள் சாரதா விசைகளைத் தட்டினாள். திரையில் ஓரெழுத்தும் தோன்றவில்லை.

அந்தோனி குருநகரிலிருந்து வந்தவன், எங்கள் அளவெட்டிச் சந்தியில் வானொலி திருத்தும் கடை வைத்திருந்தான். நானே அழைத்து, நானே திறக்கச் சொன்னேன்.

"என்ன ஐயா, உதுக்கும் பொட்டு வைச்சாச்சோ? இனிக் கலியாணம் பேச வேண்டியதுதான்!"

நானும் சிரித்தேன். தண்ணீரைப் பற்றி வாய் திறக்கவில்லை.

நெடுநேரம் பார்த்தான். "உது என்ரை கைக்கு அடங்காது ஐயா. செய்த கொம்பனியிட்டைத்தான் கேக்க வேணும்."

நான் கடிதம் எழுத, வசந்தன் அங்கே கொம்பனியில் விசாரித்துவிட்டு, எங்கள் தபாற்கந்தோருக்குத் தொலைபேசி எடுத்தான். பழுதை விளக்கவென அந்தோனியும் என்னோடு வந்து நின்றான்.

"மாமா, திருத்தித் தருவினமாம். முதல்லை ஒண்டு கேக்கினம். தண்ணி ஏதும் பட்டதோ?"

பூசை செய்தே கெடுத்தேன் என்று, அதுவும் வேதக்காரனான ஒரு கிறிஸ்தவன் முன்னிலையில்... எப்படிச் சொல்வேன்?

"படேல்லை."

"அப்ப என்னெண்டு பழுதானது?"

"அந்தோனி திறந்தவன்... அதுக்குப் பிறகுதான்."

ஏன் அப்படிச் சொன்னேன்? இன்றும் விளங்கவில்லை.

"ஐயா..." என்றான் அந்தோனி. வெளியே போய்ச் சைக்கிளை எடுத்தான்.

வெளியாள் திறந்ததைப் பொறுப்பேற்க இயலாதென்று கொம்பனி மறுத்துவிட்டது. என் பொய்யால் எனக்கும் பயனில்லை! ஆனால் கந்தோரில் நின்றவர்கள் கேட்டிருந்தார்கள். ஊரார் அவனிடம் வானொலி கொடுப்பதை நிறுத்தினர். கடை பூட்டுண்டது. பின்னர் இடப்பெயர்வுகள்... அவன் குடும்பம் எங்கே போனதோ, அறியேன்.

பழைய கதை வந்தால், "உவன் அந்தோனியாலைதான் என்ரை படிப்புக் கெட்டது" என்கிறாள் சாரதா. மகளுக்கே சொல்லத் துணியாதவன் உங்களுக்கு எழுதுகிறேன்... களைத்துப் போனேன்.

அந்தோனி திறந்தபோது அது ஏற்கெனவே கெட்டிருந்தது. அவன் பெயரில் பழி நில்லாதிருக்க, இந்தத் தாளைக் கிழித்துவிடாமல் வைத்திருங்கள்.