அமாவாசையில் குறித்த பாதை

நூறு கிலோமீட்டர் ஓடிவிட்டு வந்தவளுக்கு வீட்டில் கிடைத்த மரியாதை, மொட்டைமாடியில் காய்ந்த துணியை என் கணவரே போய் எடுத்து வந்ததுதான். அதுவும் இரண்டு நாளைக்கு. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படிக்கட்டில் பின்பக்கமாகத் திரும்பி நான் இறங்குவதைப் பார்த்த எதிர்வீட்டுப் பெண்மணி, "இதுக்கு காசு வேற கட்னியாமே?" என்று கேட்டார். கட்டினேன்தான். கட்டைவிரல் நகங்கள் இரண்டும் கறுத்துப்போயிருந்தன. வலது கணுக்கால் வீங்கியிருந்தது. மனசு மட்டும் குதித்துக்கொண்டிருந்தது.

எலும்பு மருத்துவர் ஒரு மாதத்துக்கு ஓடக் கூடாது என்றார். மெதுவாக ஓடலாமா என்று கேட்டேன். நடக்கலாம் என்றார். வேகமாக நடக்கலாமா என்று கேட்டேன். அவர் மணியடித்து அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார்.

அந்த மாதம் முடிவதற்குள் எங்கள் ஊர் அரை மராத்தான் வந்தது. வேறு எந்த ஓட்டமாக இருந்தாலும் கையைக் கட்டிக்கொண்டு வீட்டில் இருந்திருப்பேன். ஆனால் இதில் என் சிநேகிதி ஓடுகிறாள். பிள்ளையார்பாளையத்தில் வீட்டிலேயே தறி போட்டுப் பட்டு நெய்கிறவள். நாளெல்லாம் தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்து இடுப்பு பிடித்துக்கொள்கிறது என்று நடக்க ஆரம்பித்து, நடை ஓட்டமாகி, என்னிடம் வந்து மாட்டிக்கொண்டாள். போன வருஷம் இதே அரை மராத்தானில் அவள் மூன்று மணி நேரக் கெடுவைத் தவறவிட்டாள். பின்தங்கியவர்களை ஏற்றிக்கொள்ளக் கடைசியில் வரும் வேன்காரர் ஏறிக்கொள்ளச் சொல்ல, ஏறி உட்கார்ந்து, வழியெல்லாம் வேலை பார்க்கும் தெருக்காரர்கள் கண்ணில் பட்டபடி திரும்பி வந்தாள். அதை அவள் மறக்கவில்லை.

"இந்த வாட்டியும் முடியலன்னா ஷூவ பரண்ல தூக்கிப் போட்டுடுவேன்பா. சத்தியமா சொல்றேன்" என்றாள்.

சொன்னால் செய்கிறவள். எனக்குப் பயமாகவே இருந்தது. என் நூறு கிலோமீட்டர் ஓட்டத்துக்கு அவள் ஸ்கூட்டியில் உப்புக் கஞ்சியும் எலுமிச்சம்பழமும் எடுத்துக்கொண்டு வந்து வெயிலில் நின்றவள். இனி முடியாது என்று நான் ரோட்டோரம் உட்கார்ந்தபோது, கையைப் பிடித்துத் தூக்கி, "எழுந்திரு, என் பொடவ வேர்வைல நனையுது பாரு, என்னாலயும் நிக்க முடியல" என்று திட்டியவள். அதனால் வாக்குக் கொடுத்தேன். "கடைசி வரைக்கும் உன் பக்கத்துலயே ஓடி வரேன். மெடல நானே உன் கழுத்துல போடறேன்."

எங்கள் கூட்டத்தில் மூன்றாவது ஆள் ஒரு ஜரிகை வியாபாரி. வயதில் எங்களைவிடச் சின்னவன், ஓட்டத்தில் எங்கள் எல்லோரையும்விடப் பெரியவன். விடியற்காலைத் தொழுகை முடிந்த கையோடு தொப்பியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிடுவான். இந்த வருஷப் பந்தயத்துக்குப் பாதை போடும் வேலையை ஊர் ஓட்டக் குழு எங்கள் மூன்று பேர் தலையில் கட்டியிருந்தது. மைதானத்தில் கிளம்பி, கூரம் போகும் சாலையில் பாதி தூரம் போய்த் திரும்பி, பிள்ளையார்பாளையம் தெருக்களுக்குள் நுழைந்து மறுபடி மைதானம். என் நூறு கிலோமீட்டர் ஓட்டத்துக்கு முன்பே மூவரும் இரண்டு முறை ஓடிப் பார்த்தோம். தெருக்கள் சுத்தமாக, அகலமாக, காலியாக இருந்தன. இதைவிட நல்ல பாதை காஞ்சிபுரத்தில் கிடையாது என்று நாங்களே எங்களை மெச்சிக்கொண்டோம்.

பந்தயம் ஞாயிற்றுக்கிழமை. விடியும் முன்பே கிளம்பினோம். ஜரிகைத் தம்பி "வரேன்கா" என்று சொல்லி இருட்டில் மறைந்தான். நானும் அவளும் கடைசிக் கூட்டத்தோடு நிதானமாக ஓடினோம். முதல் பாதியில் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வயல் பக்கமிருந்து குளிர்ந்த காற்று. யாரையும் முந்த வேண்டாம், கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம். அவள் தன் மாமியாரைப் பற்றிச் சொல்லச் சொல்ல நான் சிரித்துக்கொண்டே ஓடினேன். எத்தனையோ பந்தயம் ஓடியிருக்கிறேன், பேசிக்கொண்டே ஓடுவதில் இவ்வளவு சுகம் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது.

திரும்பும் வழியில் கணுக்கால் முணுமுணுக்க ஆரம்பித்தது. நான் சொல்லவில்லை. நூறு கிலோமீட்டர் ஓடியவள், இருபத்தோரு கிலோமீட்டரில் கால் வலிக்கிறது என்று எந்த வாயால் சொல்வது? ஆனால் வலது கால் லேசாகத் தேய்ந்து வருவது அவளுக்குக் கேட்டுவிட்டது. "இன்னாபா சத்தம் அது?" என்றாள். ஷூ புதுசு என்றேன்.

பிள்ளையார்பாளையத்துக்குள் திரும்பியதும் இருவரும் அப்படியே நின்றுவிட்டோம். நாங்கள் பார்த்து வைத்த அகலத் தெரு அங்கே இல்லை. தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை, இடுப்பு உயரத்தில், மயில்கழுத்து நிறத்தில் பட்டுப் பாவு ஒன்று நீட்டிக் கட்டியிருந்தது. ஒரு சேலைக்கான நீள இழைகள் மொத்தமும் தெருவில் வெளிச்சத்துக்குக் காட்டியபடி கிடந்தன. தெருக்காரப் பெரியவர் ஒருவரும் அவர் மனைவியும் இழைகளைப் பிரித்துச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். பாவுக்கும் சாக்கடைக்கும் நடுவே ஓராள் போகிற இடம்தான்.

என் சிநேகிதி தலையில் கையை வைத்துக்கொண்டாள். "ஐயோ! நாம ரெண்டு வாட்டியும் அமாவாசைலதானே வந்து பாத்தோம்!"

எங்களுக்கெல்லாம் ஞாயிறு விடுமுறை. தறிக்காரர்களுக்கு அமாவாசைதான் விடுமுறை. அவளுக்கு ஓய்வு கிடைக்கிற நாளாகப் பார்த்துப் பார்த்து நீண்ட ஓட்டப் பயிற்சியும் அன்றைக்கே, பாதை குறித்ததும் அன்றைக்கே. ஊரில் ஒரு தறியும் ஓடாத நாளில் தெருவைப் பார்த்துவிட்டு, தெரு என்றால் இதுதான் என்று முடிவு கட்டியிருக்கிறோம். இந்தத் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளிப் பிறந்து வளர்ந்தவளுக்கே அது தோன்றவில்லை. முன்னால் போன வேகக்காரர்கள் பாவு கட்டுவதற்கு முன்பே கடந்துவிட்டார்கள். மாட்டியது எங்களைப் போன்ற ஆமைகள்.

"வேர்வ சொட்டாம, ஒத்தையா வாங்கமா" என்றார் பெரியவர். பொறுமையாகத்தான் சொன்னார். அவள் முன்னால் நடந்தாள், நான் பின்னால். பாதித் தெருவில் என் வலது கால் தரையில் தட்டியது. சாக்கடைப் பக்கம் விழுந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். நான் பாவின் பக்கம் சாய்ந்தேன். நான் பெருமையாகக் கட்டிக்கொண்டிருந்த ஓட்டக் கடிகாரத்தின் வார்க்கொக்கி இழைகளில் மாட்டியது, கையை இழுத்தேன். ஒரு கொத்து இழை அறுந்து இரண்டு பக்கமும் தொங்கியது.

"யாரும்மா அது! கண்ணு தெரியல?" என்று அந்த அம்மா கத்தினார். எனக்குக் கண்ணீர்தான் வந்தது.

என் சிநேகிதி திரும்பி அந்த இழைகளைப் பார்த்தாள். அதன் பிறகு அவளுக்குப் பந்தயம் ஞாபகம் இருந்ததாகத் தெரியவில்லை. சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டாள். பெரியவர் பக்கத்திலிருந்த சாம்பல் கிண்ணத்தை நகர்த்தினார். விரல் வழுக்காமல் இருக்கச் சாம்பல் தொட்டு, ஒவ்வொரு இழையாகத் தேடிப் பிடித்து, முனைகளை முறுக்கிச் சேர்க்க ஆரம்பித்தாள். அந்தப் பக்கம் அந்த அம்மா, இந்தப் பக்கம் இவள். விரல்கள் பறந்தன. ஆனால் இழையோ முடிந்தபாடில்லை. எங்களுக்குப் பின்னால் வந்தவர்கள் ஒவ்வொருவராக எங்களைத் தாண்டிப் போனார்கள். தெருமுனையில் வேன் மெதுவாக உறுமிக்கொண்டு நின்றது. அந்த வேனை அவள் நிமிர்ந்து பார்த்தாள், மறுபடி குனிந்துகொண்டாள்.

அவளைக் கொண்டுபோய்ச் சேர்க்க வந்த நானே அவளைக் கட்டிப்போட்டுவிட்டேனே என்று என்மேல் அவ்வளவு கோபம்.

"மிச்சத்த நாங்க பாத்துக்கறோம். நீ ஓடு கண்ணு" என்றார் பெரியவர் கடைசியில். அவள் என்னைப் பார்த்தாள். நான் ஓர் அடி எடுத்து வைத்தேன். கணுக்கால் உயிர் போக வலித்தது.

"நீ போ" என்றேன்.

"உன்ன உட்டுட்டா? கடைசி வரிக்கும் பக்கத்துல வரேன்னு சொன்னியே?"

"என் கூட வந்தா நீ வேன்லதான் வரணும். ஓடுடி!"

அதற்குள் எதிர்த்திசையிலிருந்து ஜரிகைத் தம்பி ஓடி வந்தான். எப்போதோ பந்தயத்தை முடித்துவிட்டு, எங்களைக் காணவில்லை என்று தேடி வந்திருக்கிறான். கழுத்தில் மெடல் ஆடியது. பாவையும் என் காலையும் ஒரு பார்வை பார்த்தான். "சலோ அக்கா, நேரம் இருக்குது. என் கூடவே வாங்க, கீழ பாக்காதீங்க" என்றான். இரண்டு பேரும் தெருமுனையில் திரும்பி மறைகிற வரை பார்த்துக்கொண்டு நின்றேன். சாம்பல் பூசிய விரல்களை அகல விரித்துக்கொண்டு ஓடினாள்.

வேன்காரர் கதவைத் திறந்தார். வேண்டாம் என்றேன். மருத்துவர் நடக்கலாம் என்றுதானே சொன்னார்? நடந்தேன். அந்தக் கடைசி இரண்டு கிலோமீட்டருக்கு முன்னால் அந்த நூறு ஒன்றுமே இல்லை. அவள் போய்ச் சேர்ந்தாளா இல்லையா என்பது மட்டும்தான் மண்டையில் ஓடிக்கொண்டிருந்தது.

மைதானத்துக்குள் நுழைந்தபோது முடிவுக்கோட்டு வளைவைக் கழற்றி மடித்துக்கொண்டிருந்தார்கள். பந்தலில் இட்லி தீர்ந்திருந்தது. வேப்பமரத்தடியில் அவள் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். கழுத்தைப் பார்த்தேன். வெறும் கழுத்து. தாலிக்கயிற்றைத் தவிர ஒன்றுமில்லை. நொண்டியபடியே அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"என்னாலதான்" என்றேன்.

தம்பி தண்ணீர் பாட்டிலை மூடிக்கொண்டே சிரித்தான். "கழுத்துல போட வந்தாங்கக்கா. இவங்க உடல. கையில குடுங்க போதும்னு சண்ட போட்டு வாங்கிக்கினு வந்து உக்காந்துக்கினு இருக்குறாங்க."

அவள் மூடியிருந்த கையைத் திறந்தாள். உள்ளே மெடல், அதன் நாடா முழுக்கச் சாம்பல்.

"நீதானே போடறேன்னு சொன்னே" என்றாள்.

நான் அழுதுகொண்டே நாடாவை விரித்தேன். அவள் தலையைக் குனிந்து காட்டினாள், குனிந்தபடியே சொன்னாள்.

"மொதல்ல அந்த வாட்ச்ச கழட்டு. இதையும் அறுத்துடப் போற."