நாடு தெரியாத நோயாளி

1. முதல் நாள்

எழுபதுகளின் கடைசியில், மாத்தளைப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் அட்டெண்டன்டாகச் சேர்ந்தேன். ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். அங்கே வேலை செய்தவர்கள் இன்றும் என்னைக் கண்டால் தேத்தண்ணி வாங்கித் தருகிறார்கள். முதல் நாளே என்னை மனநோய் கிளினிக்கில் நிறுத்தினார்கள். ட்ரொலி தள்ள எடுத்த ஆளுக்கு இங்கே என்ன வேலை என்று நர்ஸ் மிஸ்ஸியிடம் கேட்டேன்.

"உனக்குத் தமிழ் தெரியுந்தானே?" என்றார் சிங்களத்தில்.

சுற்றிலும் தோட்டங்கள். வருகிறவர்களில் பலர் தமிழர். டொக்டருக்குச் சிங்களமும் இங்கிலீசும் மட்டும்தான். ஆகவே மனித மனத்தை ஆராயும் பொறுப்பில் பாதி என் தலையில் விழுந்தது. பதவி மட்டும் ட்ரொலியோடு நின்றது.

டொக்டர் நல்ல மனிதர். இதைச் சொல்லியாக வேண்டும். கெட்டவராக இருந்திருந்தால் இதை எழுதுவது எனக்கு எவ்வளவோ சுலபம்.

2. மூன்று கேள்வி

சேர்ந்து இரண்டாம் வருடம், ஒரு தேயிலைத் தோட்டத்திலிருந்து கருப்பையா அண்ணனை அழைத்து வந்தார்கள். பத்து நாளாகச் சாப்பாடில்லை, தூக்கமில்லை, வீட்டில் யாரோடும் பேச்சில்லை. தோட்டத் தமிழர் பலருக்கு அப்போது எந்த நாட்டிலும் பிரஜாவுரிமை இல்லை; இந்தியாவுக்கோ இலங்கைக்கோ எழுதிப் போட்டுக் காத்திருக்க வேண்டும். அவருடைய அண்ணன் இந்தியாவுக்கு எழுதிப் போட்டு, பத்திரம் வந்து, குடும்பத்தோடு கப்பலேறிவிட்டார். இவர் இலங்கைப் பிரஜாவுரிமைக்கு எழுதிப் போட்டவர். வருடக்கணக்காகப் பதில் இல்லை.

நோயாளிக்குப் புத்தி தெளிவாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு ஃபோர்ம் உண்டு. டொக்டர் சிங்களத்தில் கேட்டார். நான் தமிழில் கேட்டேன்.

"ஒங்க நாடு எது?"

அண்ணன் கொஞ்சம் யோசித்தார். "இன்னும் முடிவாகலைங்க."

"நாட்டுத் தலைவர் யாரு?"

"எந்த நாட்டுக்குங்க?"

"அடுத்த வருசம் எங்க இருப்பீங்க?"

"அத பிரஜாவுரிமைக் கந்தோர்லதாங்க சொல்லணும்."

ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் மொழிபெயர்த்தேன். அந்த வேலையில் எனக்குப் பெருமை வேறு. டொக்டர் மூன்று கட்டத்திலும் சுழியம் போட்டார். "பாவம், ஒண்ணும் விளங்கல இவருக்கு" என்று உண்மையாகவே வருத்தப்பட்டுக்கொண்டு, கொழும்புப் பக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றச் சொல்லித் துண்டுச் சீட்டு எழுதினார். அங்கே போன தோட்டத்து ஆட்கள் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை.

அண்ணன் சொன்னது ஒவ்வொன்றும் சரி என்று எனக்குத் தெரியும். வாயைத் திறக்கவில்லை. என் அப்பா வருடக்கணக்காக அலைந்து எனக்கு எடுத்துத் தந்த இலங்கைப் பதிவுப் பிரஜைப் பத்திரத்தை நான் பர்சில் மடித்து வைத்திருந்தேன். அதைப் பற்றி ஆஸ்பத்திரியில் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்தால் மறுநாளே, திருட்டுத்தனமாகத் தோணியேறி வந்தவன், கள்ளத்தோணி என்று பெயர் வைத்துவிடுவார்களோ என்று பயம்.

3. வாசலில்

வெளியே, கதவோரம் நின்று எல்லாம் கேட்டிருந்த அண்ணனின் மனைவி லெட்சுமி அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, கேட்டதுக்கெல்லாம் சரியாத்தானே சொன்னாரு? அப்புறம் ஏன் அனுப்புறாங்க?"

கையை விடுவித்துக்கொள்ளப் பார்த்தேன். அவர் விடவில்லை.

"பைத்தியம்னு எழுதிட்டா எங்க மனுவத் தூக்கிப் போட்ருவாங்க தம்பி. மூணு புள்ளைங்கள வச்சுக்கிட்டு நான் எந்த நாட்டுக்குப் போவேன்?"

எனக்கு வெட்கமாக இருந்தது. உள்ளே திரும்பிப் போனேன். பர்சிலிருந்த பத்திரத்தை டொக்டரின் மேசையில் விரித்தேன்.

"மாத்தையா, இது கிடைக்கிறதுக்கு முந்தி அந்தக் கேள்விய என்கிட்ட கேட்டிருந்தா, நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன்."

அவர் பத்திரத்தை இரண்டு தடவை படித்தார். இப்படி நாடில்லாத ஆட்கள் தன் நாட்டிலேயே லட்சக்கணக்கில் இருப்பது அந்தப் படித்த மனிதருக்கு அன்றுதான் உறைத்தது. பேப்பரில் வாசித்திருக்கிறாராம்; நேரில் பார்த்ததில்லையாம். அதுவரை தினமும் அவருக்குக் கதவு திறந்துவிட்டவனே அப்படிப் பிறந்தவன்தான்.

"முதல்லயே ஏன் சொல்லல நீ?"

"நோயாளி சொன்னத மட்டும் சொல்லுன்னுதானே மாத்தையா எனக்கு உத்தரவு."

அது பாதிப் பொய். அவர் துண்டைக் கிழித்துப் போட்டார். அண்ணனை மறுபடி உட்காரவைத்து, நான் விஷயத்தைச் சொல்ல, இந்தத் தடவை கூடப்பிறந்தவர் ஏறிப்போன கப்பலைப் பற்றிக் கேட்டார். அண்ணன் முக்கால் மணி நேரம் அழுதார். எங்கள் ஆஸ்பத்திரி வார்ட்டிலேயே வைத்து மருந்து கொடுத்தார்கள். மூன்றாம் வாரம் கொழுந்துக் காட்டுக்கு வேலைக்குப் போய்விட்டார்.

4. பாடம்

சில மாதம் கழித்து, எல்லா இனத்தவருக்கும் சமமான மனநல சேவை என்று ஆஸ்பத்திரியில் ஒரு செமினார் வைத்தார்கள். பேச்சு சிங்களத்திலும் இங்கிலீசிலும். தமிழுக்கு ஆள் கிடைக்கவில்லை என்று வருத்தம் தெரிவித்தார்கள். நான் பின்னால் நின்று தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தேன்.

இப்போது ஆலோசகர் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் டொக்டரை நினைத்துச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். ஆனால் அவருக்குத் தெரியாது, அதனால் சுழியம் போட்டார். எனக்குத் தெரியும். நோயாளி சொன்னதை அச்சுப் பிசகாமல் மொழிபெயர்த்துவிட்டு, எனக்குத் தெரிந்ததை விழுங்கிக்கொண்டு நின்றேன். அன்று அந்த அறையில் கருப்பையா அண்ணன் பயப்படாமல் உண்மையைச் சொன்னார். பயந்து கிடந்தவன் நான். பரிசோதித்தது அவரை.