ஏறும்போது சொன்ன ஸ்டாப்

அம்பத்தூர்–ஆவடி ஷேர் ஆட்டோக்காரர் ஒருவர் இன்னும் நினைவில் இருக்கிறார். சாயம்போன காக்கிச் சட்டை, வெற்றிலைச் சிவப்பேறிய பல். இறங்குமிடத்தைச் சொன்னால்தான் வண்டியை எடுப்பார்.

ஒருநாள் அவர் வண்டியில் போய்க்கொண்டிருந்தபோது, நான் வாங்கியிருந்த பிட்காயினின் விலை சரிந்துகொண்டிருந்தது. குறிப்பிட்ட விலைக்கு இறங்கினால் தானாக விற்றுவிடும்படி ஸ்டாப் லாஸ் போட்டிருந்தேன். விலை அதை நெருங்கியதும் விற்க மனசு வரவில்லை. போனில் நண்பனிடம், "ஸ்டாப்பைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கிறேன்டா" என்றேன்.

ஆட்டோக்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "அதெல்லாம் ஆவாது சார். ஏறசொல்லோ திருமுல்லைவாயல்னு சொன்ன, அங்கதான் எறங்கணும். தள்ளித் தள்ளின்னா எங்க போய் நிக்கறது?"

சிரித்துக்கொண்டே ஸ்டாப் லாஸைத் தள்ளிப் போட்டேன். திருமுல்லைவாயலில் என்னைச் சரியாக இறக்கிவிட்டார். பிட்காயின் நிற்காமல் கீழே போய்க்கொண்டே இருந்தது.

அப்புறம் அவரைப் பார்க்கவில்லை. இப்போது எந்த ஷேர் ஆட்டோவில் ஏறினாலும், யாரும் கேட்காமலே இறங்குமிடத்தைச் சொல்லிவிடுகிறேன்.